சாங்கானில் படித்த பிள்ளைகள்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சீனாவின் ஷியான் நகரில் வடமேற்குப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. 2004 அக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கல் கிடைத்த செய்தியை உலகுக்குச் சொன்னது. சதுரக் கல், ஒரு பக்கம் நாற்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் 171 எழுத்துகள். கல்லறைக்குள் வைக்கப்பட்ட குறிப்பு அது. இறந்தவனின் குடும்பப் பெயர் ஜிங், இயற்பெயர் ஜென்செங், அவன் நாடு ஜப்பான் என்கிறது கல். சலிக்காமல் படித்தவன், படிப்பை முடிக்கும் முன்பே போய்விட்டான் என்று வருந்துகிறது. 734ஆம் ஆண்டின் முதல் மாதத்தில் அரசு விடுதியில் இறந்தபோது அவனுக்கு வயது 36. உடல் அயல் மண்ணுக்குள் போனாலும் உயிர் சொந்த ஊருக்குத் திரும்பிவிடும் என்ற ஆறுதலோடு எழுத்து முடிகிறது.

717இல் ஜப்பானிலிருந்து போன தூதுக் கப்பல்களில் அவனும் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. அப்படியானால் புறப்படும்போது வயது பத்தொன்பது. பதினேழு ஆண்டுகள் அந்த நகரில் இருந்திருக்கிறான். அன்று அந்த நகருக்குப் பெயர் சாங்கான்.

சீனாவுக்குப் படிக்கப் போவது என்றால் இன்று நமக்கு மருத்துவக் கல்லூரி நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பயணத்துக்கு ஆயிரத்து நானூறு ஆண்டு வயது. மொழி புரியாத தவிப்பு, கையில் காசு தீர்ந்த கலக்கம், தங்கும் அனுமதி, ஊர் திரும்ப வழியில்லாத ஏக்கம் என்று இன்று அயல்நாட்டில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வதை எல்லாம், அந்தக் காலத்து மாணவர்கள் விண்ணப்பமாகவும் நாட்குறிப்பாகவும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த எழுத்துகளின் வழியே அவர்களைப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஊர். தாங் அரச குலத்தின் தலைநகரான சாங்கான் கிழக்கு மேற்காக ஒன்பதரைக் கிலோமீட்டருக்கு மேல், வடக்கு தெற்காக எட்டரைக் கிலோமீட்டர். நூறுக்கு மேற்பட்ட பேட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மதில், மதிலில் வாயில். நடுவில் ஓடிய பெருவீதியின் அகலம் ஏறத்தாழ 150 மீட்டர். இரண்டு பெரிய சந்தைகள். நண்பகலில் 300 முறை முரசு கொட்டினால் சந்தை திறக்கும். பொழுது சாய்வதற்கு முன் 300 முறை சேகண்டி அடித்தால் மூடும். இருட்டியபின் முரசொலி அடங்கியதும் பேட்டை வாயில்கள் சாத்தப்படும். அதற்குப் பிறகு பெருவீதியில் நடமாடினால் பிரம்படி. கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் அந்த வீதியில் முதன்முறை நின்றபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அரசுக் கல்விக்கழகம் ஒன்று அங்கே இருந்தது. தாய்சோங் மன்னன் 640ஆம் ஆண்டு வாக்கில் அதை விரிவாக்கினான். மாணவர் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தாண்டியது என்று சீன வரலாற்று நூல்கள் பெருமையாகச் சொல்கின்றன. கொரியத் தீபகற்பத்தின் மூன்று அரசுகள், திபெத்து, பாலைவனச் சோலை நகரங்கள் எனப் பல திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள்.

அதிகம் வந்தவர்கள் கொரியாவின் சில்லா அரசைச் சேர்ந்தவர்கள். புத்தகம் வாங்கச் சொந்த அரசு பணம் தரும். தங்க இடமும் சோறும் தாங் அரசு தரும். பத்து ஆண்டு தவணை. தவணை தாண்டியும் திரும்பாதவர்கள் ஏராளம். 840இல் அப்படித் தங்கிவிட்டவர்களையும் பிணையாக வந்திருந்தவர்களையும் சேர்த்து 105 பேரை ஒரே ஆணையில் ஊருக்கு அனுப்பினார்கள்.

சே சிவொன் என்ற சில்லாச் சிறுவன் 868இல் கப்பல் ஏறினான். வயது பன்னிரண்டு. துறையில் வழியனுப்ப வந்த தந்தை, பத்து ஆண்டுக்குள் தேர்வில் தேறாவிட்டால் என் மகன் என்று சொல்லிக்கொள்ளாதே என்றாராம். இதைப் பின்னாளில் எழுதி வைத்தது அந்த மகனேதான். மற்றவர் நூறு முறை முயன்றால் தான் ஆயிரம் முறை முயன்றதாகவும் எழுதுகிறார். 874இல், பதினெட்டு வயதில், சீன அரசுத் தேர்வில் வென்றார். பிறகு அந்த நாட்டிலேயே அதிகாரியாக இருந்தார். ஹுவாங் சாவோ என்ற கலகத் தலைவனுக்கு எதிராக அவர் தீட்டிய அறிக்கை சீன மண்ணில் புகழ் பெற்றது. 885இல் ஊர் திரும்பினார். பிறப்பால் வந்த தகுதியை வைத்தே பதவி தரும் சில்லாவில் அவர் படிப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. கடைசியில் மலைக்கோயில் ஒன்றில் ஒதுங்கினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி அனுப்பிய தந்தையை மெச்ச மனம் வரவில்லை. மகன் வென்றதால் அந்தச் சொல் இன்று வீரமாகத் தெரிகிறது. தேறாமல் போன பிள்ளைகளிடமும் இப்படிச் சில சொற்கள் சொல்லப்பட்டிருக்கும்தானே?

இனி இந்தப் பேச்சின் நடுநாயகமான மனிதருக்கு வரலாம். கூக்காய் 774இல் ஜப்பானின் ஷிகோக்கு தீவில் பிறந்தவர். துறவி. முப்பது வயதில், 804இல், தூதுக்குழுவோடு புறப்பட்டார். நான்கு கப்பல்கள் கிளம்பின. இரண்டுதான் சீனா சேர்ந்தன. அவர் இருந்த கப்பல் 34 நாள் கடலில் அலைக்கழிந்து, போக வேண்டிய துறைக்கு வெகு தெற்கே, இன்றைய ஃபூஜியன் மாகாணக் கரையில் ஒதுங்கியது. அங்கே தூதர்கள் வந்து பழக்கமில்லை. உள்ளூர் அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். கப்பலுக்கு முத்திரை வைத்தார்கள். வந்தவர்களை மணலில் இறக்கிவிட்டார்கள். தலைமைத் தூதர் எழுதிய மடல்கள் எடுபடவில்லை. கடைசியில் கூக்காய் அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அந்தச் சீன நடையைப் படித்தபின் அதிகாரிகளின் போக்கே மாறியது. ஆனால் தலைநகர் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை! தனக்காக இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் ஏழு வாரம் போல உள்நாட்டுப் பயணம். பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் சாங்கான் வந்து சேர்ந்தார்கள்.

அதே கப்பலில் வந்த இன்னொரு மாணவர் தச்சிபானா நோ ஹயனாரி. இவரையும் கூக்காயையும் இருபது ஆண்டு தங்கிப் படிப்பதற்காக அரசு அனுப்பியிருந்தது. ஹயனாரிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் கூக்காயின் வெற்றியைச் சொல்வது நியாயமாகாது. ஒரு வருஷத்துக்குள்ளேயே அவர் தத்தளித்துப் போனார். அவருக்காகக் கூக்காய் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இன்றும் இருக்கிறது. மலையும் ஆறும் இரு நாட்டு நாவையும் பிரித்து வைத்திருப்பதால் கல்விக்கூடத்துக்குள் நுழைய முடியவில்லை. கொண்டுவந்த பொருள் தீர்ந்துவிட்டது. இந்த நாட்டு அரசு தரும் உணவும் உடையும் உயிரை வைத்துக்கொள்ளத்தான் போதும், ஆசிரியருக்குக் காணிக்கை செலுத்திப் படிக்கப் போதாது. இப்படியே இருபது ஆண்டு காத்திருந்தால் எறும்பைப் போன்ற இந்தச் சிற்றுயிர் பள்ளத்தில் விழுந்து மடிவதோடு நாட்டுக்கும் அது இழுக்கு. இதுதான் அதன் சாரம். மொழி அதிகம் தேவைப்படாத யாழையும் எழுத்துக்கலையையும் மட்டும் கற்றுக்கொண்டதாகவும் அதில் சொல்கிறார்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்து இது. உதவித்தொகை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடுகிறது என்று இன்று ஒரு மாணவன் எழுதும் கடிதத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஹயனாரி பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் ஜப்பானிய எழுத்துக்கலையின் மூன்று தூரிகைகள் என்று போற்றப்படுபவர்களில் அவர் ஒருவர். மற்ற இருவர் கூக்காயும் சாகா பேரரசரும். வகுப்பறை அவரை வெளியே நிறுத்தியது, தூரிகை நிறுத்தவில்லை.

கூக்காய்க்கு மொழி கைகொடுத்தது. 805இன் இரண்டாம் மாதத்தில் தூதர்கள் ஊர் திரும்ப, அவர் சீமிங் கோயிலில் தங்கினார். அவருக்கு முன் யோச்சூ என்ற ஜப்பானியத் துறவி முப்பது ஆண்டு போல வாழ்ந்த இடம் அது. 1985இல் அந்தக் கோயில் இருந்த இடத்தைத் தோண்டியபோது தேயிலை அரைக்கும் கல் ஒன்று கிடைத்தது. சீமிங் கோயில் என்ற பெயரே அதில் செதுக்கியிருந்தது. அந்தக் கோயிலில் தேநீர் குடித்துக்கொண்டே படித்தவர்களில் கூக்காயும் ஒருவராக இருந்திருக்கலாம்.

கூக்காய் முதலில் தேடியது சம்ஸ்கிருத ஆசிரியரை. காபூல் பக்கத்திலிருந்து வந்து, இந்தியாவெங்கும் சுற்றிப் படித்து, சாங்கானில் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த பிரக்ஞர் என்ற துறவி அவருக்கு வாய்த்தார். ஜப்பானுக்குப் போக எனக்கும் ஆசை, ஆனால் அதற்கான கொடுப்பினை இல்லை. நான் மொழிபெயர்த்த இந்த நூல்களையாவது நீ எடுத்துப் போ என்று அவர் கொடுத்தனுப்பியதைக் கூக்காய் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் சிங்லொங் கோயில். பச்சை நாகம் என்று பெயருக்குப் பொருள். அங்கே ஹுய்குவோ என்ற ஆசான், வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது, உடல் தளர்ந்திருந்தது. கூக்காயைக் கண்டதும் சிரித்தார்; நீ வருவாய் என்று தெரியும், வெகு நாளாகக் காத்திருக்கிறேன், என் ஆயுள் முடியப்போகிறது என்றார். ஆறாம், ஏழாம், எட்டாம் மாதங்களில் அடுத்தடுத்துத் தீட்சைகள் தந்தார். ஒரு குடத்து நீரை இன்னொரு குடத்தில் சிந்தாமல் ஊற்றுவது என்று அந்த மரபு இதைச் சொல்லும். ஓவியர் பத்துப் பேருக்கு மேல் வரவழைத்து மண்டல ஓவியங்கள் வரையச் செய்தார்; இருபதுக்கு மேற்பட்ட எழுத்தர்களை வைத்து நூல்களைப் படியெடுக்கச் செய்தார்; வார்ப்புக் கலைஞரைக் கொண்டு வழிபாட்டுக் கருவிகள் வார்த்தார். பன்னிரண்டாம் மாதம் 15ஆம் நாள் இறந்துபோனார். சீன மாணவர்கள் நிறைய இருந்தும், ஆசானின் நினைவுக் கல்வெட்டை எழுதும் பொறுப்பு சில மாதமே உடனிருந்த அந்த அயல்நாட்டு மாணவருக்கு வந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் வருகிறது. ஹுய்குவோவின் ஆசான் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் ஆசான் வஜ்ரபோதி. சீனத் துறவியர் வரலாறு வஜ்ரபோதியைத் தென்னிந்தியாவின் மலய நாட்டவர் என்கிறது. அவர் காஞ்சிபுரத்தில் இருந்தவர்; மழை பொய்த்தபோது பல்லவ மன்னன் அவரை அழைத்து வேண்டச் சொன்னதாகக் குறிப்பு உண்டு. மன்னன் பெயரைச் சீன எழுத்தில் நரசிம்ம போத்தவர்மன் என்றே ஒலிபெயர்த்திருக்கிறார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மன்தான் அவன். அந்த மன்னனின் துணையோடு கடல்வழி கிளம்பி 719இல் குவாங்சௌ துறையில் இறங்கி, பிறகு சாங்கான் சேர்ந்தார் வஜ்ரபோதி. ஆக, 805இல் ஒரு ஜப்பானிய மாணவன் சீன நகரில் கற்ற பாடத்தின் ஒரு வேர் காஞ்சியில் இருந்தவரிடம் போய் முடிகிறது. லீ ஜென் என்ற சாங்கான் ஓவியர் வரைந்த வஜ்ரபோதி படம், கூக்காய் கொண்டுபோன பொருள்களோடு சேர்ந்து இன்றும் கியோட்டோவின் தோஜி கோயிலில் இருக்கிறது.

சம்ஸ்கிருத எழுத்துப் பயிற்சி ஜப்பானில் விட்டுச் சென்ற தடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கானா எழுத்தைக் கூக்காயே உருவாக்கினார் என்பது வெறும் செவிவழிக் கதை. ஆனால் ஜப்பானியக் குழந்தைகள் இன்று ஒப்பிக்கும் அகரவரிசையைக் கேளுங்கள்: முதலில் உயிர்கள், பிறகு க, ச, த, ந, அப்பால் ம, ய, ர, வ. நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றாத வரிசை அது. துறவிகள் கற்ற இந்திய எழுத்துமுறையின் தாக்கம் அங்கே படிந்திருக்கிறது.

இருபது ஆண்டுக்கு அனுப்பப்பட்டவர் இரண்டே ஆண்டில் திரும்பினார். 806இல் தற்செயலாக இன்னொரு ஜப்பானியத் தூதர் சாங்கான் வந்திருந்தார். அவரிடம் மன்றாடி ஹயனாரியோடு கப்பல் ஏறினார். தவணையை முறித்தது சாவுக்குரிய குற்றம், ஆனால் கிடைத்தற்கரியதை உயிரோடு கொண்டுவந்துவிட்டேன் என்று அரசுக்கு எழுதினார். 216 நூல்கள், 461 சுருள்கள் என்று பட்டியலும் கொடுத்தார். தலைநகருக்குள் நுழைய 809 வரை காக்க வேண்டியிருந்தது. அந்த முடிவு சரியா என்று கேட்டால், கப்பல் பதில் சொல்கிறது. அவர் ஏறியதற்கு அடுத்த ஜப்பானியத் தூதுக் கப்பல் சீனக் கரையைத் தொட்டது 838இல். கூக்காய் 835இலேயே இறந்துவிட்டார். விதிப்படி இருபது ஆண்டு தங்கியிருந்தால் அவரும், பட்டியலில் உள்ள பெரும்பாலான நூல்களும் ஜப்பான் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது.

அந்த 838 கப்பலில் வந்தவர் என்னின். இவரும் துறவி. அவர் எழுதிய நான்கு சுருள் நாட்குறிப்பை எட்வின் ரைஷவர் 1955இல் ஆங்கிலத்தில் தந்தபோது உலகம் அவரை அறிந்துகொண்டது. குறுகிய காலம் படித்துத் திரும்ப வேண்டியவர். போக நினைத்த மலைக்கு அனுமதி கிடைக்காததால் திரும்பும் வழியில் கப்பலை விட்டு இறங்கி, கொரியர் கட்டிய கோயிலொன்றில் தங்கி, விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டு 840இல் சாங்கான் வந்தார். 845இல் வெளியேற்றப்பட்டார்.

அவர் அங்கே சம்ஸ்கிருத ஒலிகளைக் கற்றது தென்னிந்தியத் துறவி ஒருவரிடம். சீனத்தில் அவர் பெயர் பாவ்யுவே. ரத்தினசந்திரர் என்று பொருள் கொள்கிறார்கள். அவர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படி ஒலித்தார் என்று தம் தாய்மொழி ஒலியோடு ஒப்பிட்டு என்னின் குறித்து வைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் ஜப்பானியர் தம் மொழியை எப்படிப் பேசினர் என்று கண்டறிய மொழியியலாளர் இன்றும் புரட்டுவது அந்தக் குறிப்பைத்தான். ஒரு தென்னிந்தியரின் நாக்கு, சாங்கானில், ஜப்பானிய மொழி வரலாற்றுக்குச் சாட்சி ஆகிவிட்டது.

அந்த ஆசிரியரின் கதி என்ன? 841இல் பேரரசன் வூசோங்கின் பிறந்தநாளன்று அரண்மனைக்குள் போனவர், மடியில் வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து மன்னனிடமே நீட்டினார். ஊருக்குப் போக வேண்டும், விடை தாருங்கள் என்று கேட்டார். மேலதிகாரியைக் கேட்காமல் நேரே போனது குற்றம் என்று பிடித்து வைத்தார்கள். அவருடைய மாணவர் மூவருக்கு ஏழு ஏழு தடியடி, மொழிபெயர்த்த துறவிக்குப் பத்து. அவரை அடிக்கவில்லை. ஊருக்கும் விடவில்லை. என்னின் இதை உணர்ச்சிச் சொல் ஒன்றும் சேர்க்காமல் இரண்டு மூன்று வரியில் எழுதியிருக்கிறார். நாட்குறிப்பு முழுவதிலும் நெஞ்சை அதிகம் அறுக்கும் இடம் இதுதான்.

843இல் என்னினோடு வந்த இளம் சீடன் யுய்க்யோ நோயில் இறந்தான். புதைக்க ஓர் இடம் கேட்டு மடத்துக்கு விண்ணப்பம் எழுதினார். 845இல் வூசோங் பௌத்தத்தை ஒடுக்கினான். 4,600 பெரிய கோயில்களும் 40,000 சிறு கோயில்களும் இடிபட்டன. 2,60,500 துறவியர் துறவு நீங்கினர். இவை அரசே சொன்ன எண்கள். அயல்நாட்டுத் துறவிகளுக்கு உரிய சான்றுத்தாள் இல்லை என்பதால் என்னினையும் வெளியேற்றினார்கள். துவராடையைக் கழற்றி, தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு நகரை விட்டார். 847இல் ஊர் சேர்ந்தார். நூறு தடவைக்கு மேல் விண்ணப்பித்தும் விடாத அரசு, துரத்தியபோதுதான் அவருக்கு வழி கிடைத்தது.

தாளும் அனுமதியும் மாணவனின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது பழங்கதை ஆகிவிடவில்லை. 2020 பிப்ரவரி முதல் நாள் வூஹானிலிருந்து முதல் ஏர் இந்தியா விமானம் தில்லி வந்தபோது அதில் இருந்த 324 பேரில் பெரும்பாலோர் மாணவர்கள். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டு அவர்களால் வகுப்பறைக்குத் திரும்ப முடியவில்லை. மாணவர் விசா மறுபடி தரத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். உடலைத் தொட்டுப் படிக்க வேண்டிய மருத்துவத்தைத் திரையில் பார்த்துப் படித்த பிள்ளைகளின் கஷ்டத்தை ஹயனாரி கேட்டிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

இன்று ஷியானில் சிங்லொங் கோயில் மீண்டும் எழுந்து நிற்கிறது. 1982இல் ஷிகோக்குவின் நான்கு மாகாணங்களும் ஷியானும் சேர்ந்து கூக்காய்க்கு நினைவுத் தூண் எழுப்பின. ஜப்பான் அனுப்பிய செர்ரி மரங்கள் இளவேனிலில் பூக்கின்றன, ஊரே திரண்டு பார்க்கப் போகிறது. போகட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் இந்த அவையில் உள்ள யாராவது, அல்லது உங்கள் பிள்ளைகள் யாராவது அந்த ஊருக்குப் போக நேர்ந்தால், வடமேற்குப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 171 எழுத்துள்ள அந்தச் சிறிய கல்லின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஜிங் ஜென்செங் என்பது சீனாவில் அவனுக்கு வைத்த பெயர். சொந்தக் குடும்பம் ஃபுஜீ என்றும் இனோவே என்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். வீட்டில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது கல்லில் இல்லை.